கட்டைவிரல் தேய்த்த முகம்

ஒரு விடுகதை போடுகிறேன். விடை தெரிந்தவர்கள் சொல்லலாம்.

முகம் இரண்டு, கால் ஒன்று. கால் இருந்தும் நடக்காது. மூச்சு விடும், ஆனால் தானாக விடாது. பிடித்த கை வலித்தால்தான் அது மூச்சு விடும். அது என்ன?

விசிறி. சரியாகச் சொன்னீர்கள்.

அந்த இரண்டு முகத்தில் ஒன்று உங்களைப் பார்க்கும்போது, மற்றது யாரைப் பார்க்கும்?

இதற்கு இப்போது விடை வேண்டாம். கதையைக் கேளுங்கள்.

*

"சாமி ஏன் இன்னும் வரலை?" என்று கேட்டார் வன்மீகநாதர்.

வந்ததும் வராததுமாக, வாசலில் நின்றபடியே, செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டார்.

கேட்டது உப்பளத்து அம்மையிடம். கடலோரத்தில் உப்பளங்கள் முடிகிற இடத்தில் ஓர் ஓட்டு வீடு. அங்கே அம்மை தனியாக இருந்தார். மனம் கலங்கியவர்கள் அவரைத் தேடிப் போவார்கள். சிலர் தெளிந்து திரும்புவார்கள். சிலர் கோபித்துக்கொண்டு திரும்புவார்கள்.

வன்மீகநாதர் பல வருடங்களாக அவருடைய சீடர். வன்மீகநாதருக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. அம்மைக்கு அவருடைய கடைசித் தங்கையின் வயதுதான் இருக்கும். அதற்காக அவர் வெட்கப்பட்டதில்லை.

அம்மை முறத்தில் பயறு புடைத்துக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

"எந்தச் சாமி?"

"கடவூர்ச் சாமி."

"எங்கே வரணும்?"

"என் வீட்டுக்கு."

"வழி சொன்னீங்களா? தெரு மாறிப் போயிருக்கப் போறார்."

வேறொரு நாளாக இருந்தால் வன்மீகநாதர் இந்தக் கேலிக்குச் சிரித்திருப்பார். பதிலுக்கு ஒன்று சொல்லியும் இருப்பார். இன்று அவர் வாசற்கதவின் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அம்மை அதைப் பார்த்தார். கேலியை விட்டார்.

*

வன்மீகநாதர் புராணப் பிரசங்கி. கோயில் கோயிலாகப் போய்க் கதை சொல்வார். அதிலும் மார்க்கண்டன் கதை சொல்வதில் அவரை மிஞ்ச அந்தப் பக்கத்தில் ஆள் கிடையாது. எமன் வரும் கட்டத்தில் எருமை போலக் குரல் எடுப்பார். முன்வரிசைப் பிள்ளைகள் அம்மாவின் முந்தானைக்குள் போய்விடுவார்கள். லிங்கத்தைப் பிளந்துகொண்டு சிவன் வரும் கட்டத்தில் பெரியவர்கள் தாங்களாகவே எழுந்து நின்று கும்பிடுவார்கள்.

அந்தக் கதையை மெச்சி ஒரு ஜமீன் வீட்டு அம்மாள் அவருக்கு ஒரு விசிறி கொடுத்தார்.

கொடுக்கும்போதே அது மிகப் பழைய விசிறி. வட்டமான சட்டம், இரண்டு பக்கமும் இழுத்து ஒட்டிய பட்டு, ஓரம் முழுக்க மயில் பீலி, தந்தத்தில் கைப்பிடி.

ஒரு பக்கத்துப் பட்டில் எமன் எருமைமேல் வருகிறான். அவன் வீசிய பாசக்கயிறு அந்தரத்தில் நிற்கிறது. கீழே, கைப்பிடிக்குச் சற்று மேலே, மார்க்கண்டன் லிங்கத்தைக் கட்டிக்கொண்டு அண்ணாந்து பார்க்கிறான்.

மறுபக்கத்தில் லிங்கம் பிளந்திருக்கிறது. சிவன் வெளியே வந்துவிட்டார். எமன் அவர் காலடியில் கிடக்கிறான். அந்தப் பக்கத்துத் தங்க ரேக்கு இன்னும் மின்னியது.

வன்மீகநாதர் அதை வெகுநாள் பெட்டியில் பூட்டி வைத்திருந்தார். இப்போது துணியில் சுற்றி, மார்போடு அணைத்து எடுத்து வந்திருந்தார்.

*

"நீலா எப்படி இருக்கா?" என்று கேட்டார் அம்மை.

நீலாயதாட்சி வன்மீகநாதரின் ஒரே மகள். பத்து வயது. மார்பில் நோய்.

"அப்படியேதான் இருக்கா. இருமினா ரத்தம் வருது."

"வைத்தியர் என்ன சொல்றார்?"

"அவர் அன்னிக்குச் சொன்னதுதான். இனிமே எழுந்து நடக்கிறது கிடையாது. கதவு ஜன்னலெல்லாம் சாத்தி, கடல் காத்து படாம வச்சிருந்தா மழைக்காலம் வரைக்கும் இருப்பா. காத்து பட்டா சில நாள்."

அம்மை வெளியே பார்த்தார். சித்திரை வெயிலில் உப்பளம் கண்ணைக் கூசவைத்தது.

"சாத்தி வச்சிருக்கீங்க."

"சாத்தாம? சில நாள்னு கேட்டப்புறம் எந்த அப்பன் ஜன்னலைத் திறப்பான்?"

"கொதிக்குமே உள்ளே."

"கொதிக்குது. அதனாலதான் பக்கத்திலேயே உக்காந்து இதால விசிறுறேன். விடிஞ்சதுலேருந்து படுக்கிற வரைக்கும் விசிறுறேன். சாமி பக்கத்தை அவளுக்கு நேராப் பிடிச்சுக்கிறேன். அவ கண்ணைத் திறந்தா சாமிதான் தெரியணும். எமன் பக்கத்தை அவளுக்கு நான் காட்டினதே இல்லை."

"கை விசிறுது. வாய்?"

"வாயும் சும்மா இல்லை. கதை சொல்றேன். சாமி வருவார், கண்டிப்பா வருவார்னு சொல்றேன். கடவூருக்கு நடந்தே போனேன். சன்னிதி நிலையைக் கட்டிக்கிட்டு அழுதேன். அர்ச்சகர் வந்து கையைப் பிரிச்சுவிட்டார். மார்க்கண்டன் கட்டினதுக்கு வந்த சாமி, நான் கட்டினதுக்கு ஏம்மா வரலை?"

முறத்தில் அம்மையின் கை நின்றது.

"எல்லாருக்கும் நான் சொன்ன கதை அது. சொல்லிச் சொல்லி ஊரையே நம்ப வச்சவன் நான். எனக்கு ஒரு மந்திரம் சொல்லுங்க. சாமியை வரவைக்கிற மந்திரம். அதுக்குத்தான் வந்தேன்."

அம்மை முறத்தைக் கீழே வைத்தார்.

"செருப்பைக் கழட்டிட்டு உள்ளே வாங்க."

*

வீட்டின் பின்பக்கம் ஒரு சிறிய அறை. விறகும் பழைய சாக்குகளும் கிடந்தன. அம்மை ஒரு சாக்கை விரித்தார்.

"படுங்க."

வன்மீகநாதர் படுத்தார். மந்திரம் இப்படித்தான் ஆரம்பிக்கும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

அம்மை ஜன்னலைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். கதவைச் சாத்தி முதுகால் அழுத்தி மூடினார். பிறகு விசிறியை வாங்கி, சுற்றிய துணியை எடுத்துவிட்டு, அவர் பக்கத்தில் உட்கார்ந்து விசிற ஆரம்பித்தார்.

"சாமி தெரியுதா?"

ஓட்டு இடுக்கில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. தங்க ரேக்கு அசைந்தது.

"தெரியுது."

"நல்லது."

முதலில் சுகமாக இருந்தது. வெயிலில் நடந்து வந்தவருக்குக் கண் சொருகியது.

பிறகு கழுத்து வியர்த்தது. முதுகு வியர்த்தது. சாக்கு முதுகில் ஒட்டியது. காற்று வந்தது. ஆனால் அது அறைக்குள் இருந்த காற்றுதான். போய்ப் போய் அதுவே திரும்பி வந்தது. அவர் விட்ட மூச்சு அவர் முகத்திலேயே வந்து விழுந்தது.

"போதும்மா."

"உங்க நல்லதுக்குத்தான்."

"மூச்சு முட்டுது."

"கொஞ்சம் பொறுத்துக்கணும். சாமி வருவார்."

வன்மீகநாதர் எழுந்திருக்கப் போனார். அம்மை இடது கையால் அவர் தோளை அழுத்தினார். வலது கை விசிறிக்கொண்டே இருந்தது.

"எழுந்திருக்கக் கூடாது. சாமியைப் பாருங்க."

அவர் பார்த்தார். விசிறி கிட்டே வந்தது, தள்ளிப் போனது. கிட்டே வந்தது, தள்ளிப் போனது. சிவன் அவர் மூக்கு வரை வந்துவிட்டு ஒவ்வொரு தடவையும் திரும்பிப் போனார்.

"அம்மா, கதவைத் திறங்க!"

பிரசங்க மேடையில் எழும் அதே குரல். அறையே அதிர்ந்தது.

அம்மை விசிறியைத் தாழ்த்தினார். எழுந்து போய்க் கதவைத் திறந்தார். கடல் காற்று ஒரே தள்ளாக உள்ளே வந்து சாக்குகளைப் புரட்டியது.

"வெந்நீர் வேணுமா, பச்சைத் தண்ணி வேணுமா?" என்று கேட்டார்.

"பச்சைத் தண்ணி."

"பாருங்க. கேட்டதும் சொல்லத் தெரியுது."

*

முற்றத்து வெளிச்சத்தில் அம்மை விசிறியைத் திருப்பினார். எமன் பக்கத்தை உற்றுப் பார்த்தார்.

"இது யாரு?"

"எமன்."

"இது?"

"எருமை."

"நல்லவேளை, சொன்னீங்க. கீழே, இவன்?"

"மார்க்கண்டன்தான். வேற யாரு?"

"முகம் எங்கே?"

வன்மீகநாதர் தண்ணீர்ச் செம்பை வைத்துவிட்டுக் குனிந்தார்.

லிங்கம் இருந்தது. அதைக் கட்டிக்கொண்ட இரண்டு கைகள் இருந்தன. கழுத்து மணியும் இருந்தது. அதற்கு மேலே ஒன்றும் இல்லை. வண்ணம் போய், பட்டின் வெறும் இழை தெரிந்தது. நகம் வைத்த மாதிரி மேலே வளைந்து, கீழே அகன்று, ஒரு வெள்ளைத் தழும்பு.

அவர் விசிறியை வாங்கினார். எப்போதும் பிடிப்பதுபோலப் பிடித்தார். கட்டைவிரல் தானாகப் போய் அந்த வெள்ளையில் உட்கார்ந்தது.

கொஞ்சமும் மீதி இல்லை. சரியாக மூடியது.

இத்தனை நாளாக இந்தப் பக்கம்தான் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

"வேணும்னு பண்ணலை" என்றார்.

"தெரியும்."

"அழுத்திப் பிடிக்கலைன்னா நழுவிடும். அதுக்காகத்தான்..."

"தெரியும் பிரசங்கியாரே. உக்காருங்க. எனக்கு அந்தக் கதையைச் சொல்லுங்க."

"உங்களுக்குத் தெரியாத கதையா?"

"முழுசா வேண்டாம். யார் யார் என்ன கேட்டாங்க, அதை மட்டும் சொல்லுங்க."

வன்மீகநாதர் தொண்டையைச் செருமிக்கொண்டார். அது பழக்கம்.

"மிருகண்டு முனிவர் தவம் இருந்து, பிள்ளை வேணும்னு கேட்டார்."

"அப்புறம்?"

"சிவன் கேட்டார். ஆயுசு கொஞ்சமா இருக்கிற அறிவான பிள்ளை வேணுமா, ஆயுசு நிறைய இருக்கிற மக்குப் பிள்ளை வேணுமான்னு."

"யார்கிட்ட கேட்டார்?"

"அப்பாகிட்ட."

"அப்பா என்ன சொன்னார்?"

"அறிவான பிள்ளையைக் கேட்டார்."

"அப்புறம் யாரு கேட்டா?"

"பதினாறு வயசு முடியிற அன்னிக்கு எமன் வந்து கேட்டான். நேரம் ஆச்சு, வர்றியான்னு."

"பையன் என்ன சொன்னான்?"

"லிங்கத்தைக் கட்டிக்கிட்டான்."

"அது கை பண்ணின வேலை. வாய் என்ன சொல்லிச்சு?"

"தோத்திரம் பாடினான்."

"நீங்க பாடுவீங்களே, அதுவா?"

"ஆமா, அதுதான்."

"அது உங்க பாட்டு. அவன் என்ன கேட்டான்?"

வன்மீகநாதர் வாயைத் திறந்தார்.

எத்தனையோ கோயில்களில், எத்தனையோ கூட்டங்களில் சொன்ன கதை. அந்த இடத்தில் எருமைக் குரல் உண்டு. இடி உண்டு. தோத்திரம் உண்டு. பையனுக்கு ஒரு வார்த்தை கிடையாது.



"வைத்தியர் சொன்ன ரெண்டு வழியும் நீலாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டார் அம்மை.

"என்ன பேசுறீங்க? பத்து வயசுப் பிள்ளைம்மா அவ."

"தெரியாதா?"

"அவகிட்டப் போய் என்னன்னு சொல்றது? நீ எப்போ போறேன்னு கேக்கச் சொல்றீங்களா?"

அம்மை அந்த வெள்ளைத் தழும்பைப் பார்த்தார்.

வன்மீகநாதருக்குக் கோபம் வந்தது. குருவிடம் பேசக் கூடாத பேச்சு வாயில் வந்தது. அவர் அதை நிறுத்தவில்லை.

"நீங்க ஒரு பிள்ளை பெத்திருந்தா இப்படிச் சொல்வீங்களா?"

"சொல்லியிருக்க மாட்டேன்" என்றார் அம்மை.

காற்று முற்றத்தில் சுற்றியது. மயில் பீலிகள் சிலுசிலுத்தன.

"மந்திரம்?" என்று கடைசியாகக் கேட்டார் வன்மீகநாதர். குரல் இறங்கியிருந்தது.

"என்கிட்ட இல்லை. இருந்தா நீங்க செருப்போட நின்னப்பவே கொடுத்திருப்பேன்."

அம்மை முறத்தை எடுத்தார். புடைக்கத் தொடங்கினார். பயறு முறத்துக்கு வெளியே விழுந்தது. திரும்பவும் விழுந்தது. அம்மை அதைப் பொறுக்கவில்லை.

வன்மீகநாதர் விசிறியைத் துணியில் சுற்றிக்கொண்டு புறப்பட்டார்.

*

வீட்டில் அவர் மனைவி தையல்நாயகி, சாத்திய அறைக் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தாள். கையில் பனையோலை விசிறி. முகமெல்லாம் வியர்வை.

"இப்பத்தான் கண்ணை மூடினா. அதான் கொஞ்சம் வெளியே வந்தேன். மந்திரம் கொடுத்தாங்களா?"

"இல்லை."

"பின்னே இவ்வளவு நேரம் என்ன பண்ணினீங்க?"

"அறையில போட்டுச் சாத்தினாங்க."

"யாரை?"

"என்னை."

தையல்நாயகி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். சட்டென்று சிரிப்பு வந்தது. பல நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு. வந்த வேகத்திலேயே போய்விட்டது. ஏனென்றால் அவர் சிரிக்கவில்லை.

அவர் நடந்ததைச் சொன்னார். ஒன்றும் சேர்க்காமல், ஒன்றும் விடாமல் சொன்னார். கதையை அப்படிச் சொல்வது அவருக்குப் பழக்கமில்லை. அதனால் தடுமாறித் தடுமாறிச் சொன்னார். விசிறியைத் திருப்பிக் காட்டினார்.

தையல்நாயகி அந்த வெள்ளைத் தழும்பைத் தொடவில்லை.

"கேக்கப் போறீங்களா?"

"தெரியலை."

"கேக்காதீங்க."

"சரி."

உள்ளே இருமல் கேட்டது. நீளமான இருமல். முடிந்ததுபோல நின்று, மறுபடி தொடங்கியது.

"கேளுங்க" என்றாள் தையல்நாயகி. "நான் இங்கேயே இருக்கேன். உள்ளே வந்தா அழுதுடுவேன். அப்புறம் அவ எனக்குப் பிடிச்ச மாதிரி பதில் சொல்லிடுவா."

*

அறை இருட்டாக இருந்தது. மருந்து வாசனையும் வியர்வை வாசனையும் கலந்து நின்றன.

"எங்கேப்பா போனீங்க?"

"உப்பளத்து அம்மையைப் பாக்க."

"அம்மா விசிறி பரக் பரக்னு சத்தம் போடுது. தூங்கினாப்பல கண்ணை மூடிக்கிட்டேன். அப்பத்தான் அம்மா நிறுத்துவாங்க. பாவம், கை வலிக்கும்."

வன்மீகநாதர் உட்கார்ந்தார். துணியைப் பிரித்தார். பழக்கத்தில் கை விசிறத் தொடங்கியது. சிவன் அவள் பக்கம், எமன் இவர் பக்கம். கட்டைவிரல் அதன் இடத்தில்.

விசிறியைப் பாய் ஓரத்தில் வைத்தார்.

"ஏன் நிறுத்திட்டீங்க? உங்களுக்கும் வலிக்குதா?"

"இல்லை. நீலா, நான் பேசிக்கிட்டே இருந்துட்டேன். உனக்கு ஏதாவது சொல்லணுமா? எங்கிட்ட ஏதாவது கேக்கணுமா?"

நீலா அவர் முகத்தைத் தேடினாள். இருட்டில் சரியாகத் தெரியவில்லை.

"கேட்டா திட்டுவீங்களா?"

"மாட்டேன்."

"அம்மாகிட்டச் சொல்லக் கூடாது."

கதவுக்கு வெளியே ஒரு வளையல் அசைந்து நின்றது.

"நான் சொல்ல மாட்டேன்" என்றார் வன்மீகநாதர்.

"சாமி வராம இருக்கிறதுக்கு ஏதாவது வழி இருக்கா?"

அவருக்குச் சரியாகக் கேட்டதா என்று சந்தேகம் வந்தது.

"வரணும்னுதானே நாம வேண்டிக்கிறோம், கண்ணு?"

"நீங்க வேண்டிக்கிறீங்க. நான் வர வேண்டாம்னு வேண்டிக்கிறேன். நீங்க கதை சொல்லி முடிச்சதும், கண்ணை மூடிக்கிட்டு, தினமும்."

"ஏன்?"

"மார்க்கண்டனுக்குச் சாமி என்ன கொடுத்தார்?"

"என்றும் பதினாறு."

கூட்டத்தில் அவர் அந்த இரண்டு வார்த்தைகளைச் சொன்னால் எல்லோரும் கூடவே சொல்வார்கள். இங்கே அவர் குரல் மட்டும் கேட்டது.

"என்றும்னா எப்பவும். மாறவே மாறாது. இல்லையாப்பா?"

"ஆமா."

"சாமி வந்தப்போ அவனுக்குப் பதினாறு வயசு. அதனால அதுலயே நிறுத்திட்டார். அவன் அப்போ நல்லா ஓடிக்கிட்டு இருந்தான். பூப் பறிச்சுக்கிட்டு இருந்தான். அதனால அவனுக்குப் பரவாயில்லை."

வன்மீகநாதர் அவள் நெற்றி வியர்வையைத் துடைத்தார்.

"இப்போ சாமி வந்தா என்னை எதுல நிறுத்துவார்?"

அவருக்கு உடனே புரியவில்லை. பிறகு புரிந்தது. புரிந்ததும் கையைத் தரையில் ஊன்றிக்கொண்டார்.

"எப்பவும் பத்து வயசு" என்றாள் நீலா. "எப்பவும் இருமல். எப்பவும் இந்தப் பாய். நீங்க செத்துப் போவீங்க, அம்மா செத்துப் போவாங்க. நான் மட்டும் படுத்துக்கிட்டே இருப்பேன். அப்போ யாரு விசிறுவா?"

சொல்லிவிட்டு இருமினாள். அவர் அவள் தலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். இருமல் நின்றதும் வாயைத் துடைத்துவிட்டார். துணியைப் பார்க்காமல் மடித்து வைத்தார்.

"நீங்க வாங்கன்னு கூப்பிடுறீங்க. நான் வராதீங்கன்னு சொல்றேன்" என்றாள் அவள், மெல்லிய குரலில். "பாவம், ரெண்டுங்கெட்டானா வாசல்லயே நிக்கிறார்னு நினைச்சேன்."

வாழ்நாள் முழுக்கச் சாமியை வரவைத்த மனிதர் அவர். கூட்டத்தை எழுந்து நிற்க வைத்தவர். இப்போது அந்த வாயாலேயே சொன்னார்:

"சாமி வர மாட்டார், நீலா."

"நிஜமாவா?"

"நிஜமா."

"சத்தியமா?"

"சத்தியமா வர மாட்டார்."

நீலா மூச்சை விட்டாள். வெகுநாளாகப் பிடித்து வைத்திருந்த மூச்சுபோல இருந்தது அது. தலை அவர் கையில் கனத்தது.

*

பிறகு அவர் வைத்தியர் சொன்னதைச் சொன்னார். வைத்தியர் எப்படிச் சொன்னாரோ அப்படியே சொன்னார்.

"ஜன்னல் சாத்தியே இருந்தா மழைக்காலம் வரைக்கும்."

"அப்புறம்?"

"அப்புறம் இல்லை."

"திறந்து வச்சா?"

"சில நாள்."

"சில நாள்னா? வர்ற வெள்ளிக்கிழமை வரைக்குமா?"

"தெரியாது."

"வலிக்குமா?"

"தெரியாது கண்ணு."

"எதுலன்னு கேக்காமலே சொல்றீங்களே. ரெண்டுலயும் தெரியாதா?"

"ரெண்டுலயும் தெரியாது."

நீலா யோசித்தாள். யோசிக்கும்போது கீழ் உதட்டைக் கடித்துக்கொள்வது அவள் வழக்கம். உதடு வெடித்திருந்தது. அதனால் பாதியில் விட்டுவிட்டாள்.

"திறங்கன்னு நான் சொன்னா நீங்க அழுவீங்களா?"

"அழுவேன்."

"அம்மா?"

"அம்மாவும்தான்."

"சாத்தியே இருக்கட்டும்னு சொன்னா?"

"அப்பவும் அழுவோம்."

"ஓ" என்றாள் நீலா. அது அவளுக்குப் புதுச் செய்தி.

அந்த அறையில் இரண்டு ஜன்னல்கள். மேற்கு ஜன்னல் கொல்லைப்பக்கம் பார்க்கும். அங்கே ஒரு புளியமரமும் பக்கத்து வீட்டுச் சுவரும் உண்டு. கிழக்கு ஜன்னல் கடலைப் பார்க்கும்.

வன்மீகநாதர் திடீரென்று அவசர அவசரமாகப் பேசினார்.

"மேற்கு ஜன்னலை வேணா திறக்கலாம், நீலா. ஒரு கதவை மட்டும். அந்தப் பக்கம் கடல் இல்லை. புளியமரம் தடுத்துடும். காத்து வந்தும் வராத மாதிரி இருக்கும். சாயங்காலம் சாத்திடலாம். மறுபடி காலையில திறக்கலாம். கொஞ்சம் கொஞ்சமா... அப்படிப் பண்ணினா மழைக்காலம் இல்லைன்னாலும் ஆடி வரைக்கும்... ஆவணி வரைக்கும்கூட..."

"இது வைத்தியர் சொன்னதாப்பா?"

அவர் வாய் நின்றது.

"இல்லை. நான் சொல்றது."

"சரி" என்றாள் நீலா. அவர் சொன்னதையும் சேர்த்து யோசித்துப் பார்த்தாள். அவசரப்படவில்லை.

வெளியே வளையல் சத்தம் இல்லை. வியர்வை அவர் புருவத்திலிருந்து இறங்கிக் கண்ணுக்குள் போனது. அவர் துடைக்கவில்லை.

நீலா கிழக்கு ஜன்னலைச் சொன்னாள்.